மரத்தூள் கல்லின் எடை

ஜனவரி 6

நாத்தனாருக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். இல்லாவிட்டாலும் எனக்கா எழுதிச் சொல்லியிருக்கப் போகிறாய்?

ஏழு வருஷம் கழித்து அண்ணியிடமிருந்து கடிதம் வந்தால், "இவளுக்கு இப்போது என்ன வேண்டுமாம்?" என்றுதான் தோன்றும். நீ யோசித்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் கையெழுத்து வேண்டும்.

உன் அண்ணனின் மர மில்லுக்குப் பின்னால் மரத்தூள் ஆள் உயரத்துக்குக் குவிந்துவிட்டது. காற்றடித்தால் பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் துணியெல்லாம் தூள். எரித்தால் புகை என்று சண்டை. போன வருஷத்திலிருந்து மில்லின் ஓரத்திலேயே நான் சிமென்ட் கல் அடிக்கிறேன். ஒரு மிக்சர், நாலு அச்சு, வேலைக்கு இரண்டு பெண்கள், நான். ஒரு நாள் மணலில் பாதியைக் குறைத்துவிட்டு அந்த இடத்துக்கு மரத்தூளை அள்ளிப் போட்டுப் பார்த்தேன். கல் லேசாக வந்தது. இடுப்பு வலிக்காமல் தூக்க முடிந்தது.

இந்தக் கல்லில் முதல் சுவர் நம் வீட்டில்தான். அத்தை படுக்கும் அறைக்கு மேலே ஒரு அறை எடுக்கப் போகிறேன். உன் அம்மாவின் அறையின் மேல்தளம் எவ்வளவு பழசு என்று உனக்கே தெரியும். சாதாரணக் கல்லை ஏற்றினால் தளம் தாங்காது, லேசான கல் என்றால் பார்க்கலாம் என்கிறார் கொத்தனார். ஆனால் மனுஷன் விவரமானவர். "பரிசோதனை பண்ணின பேப்பரக் கொண்டாங்கம்மா, அப்புறம்தான் கரண்டியத் தொடுவேன்" என்று ஒரே பிடிவாதம். கல்லை உடைத்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற ஆள் நம் குடும்பத்திலேயே இருக்கும்போது வேறு எங்கே போவேன்?

ஆறு கல் அனுப்பியிருக்கிறேன். உன் அண்ணன்தான் சாக்கில் சுற்றி லாரியில் ஏற்றினார்.

தயவுசெய்து போன் செய்யாதே. நாம் இரண்டு பேரும் போனில் பேசினால் அது எப்படி முடியும் என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். எழுத்தில் இருந்தால் "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று பிறகு யாரும் பல்டி அடிக்க முடியாது.

அத்தைக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார்.

உன் அண்ணி


ஜனவரி 19

அண்ணி அவர்களுக்கு,

கடிதமும் கல்லும் கிடைத்தன. கடிதம் முழுசாக வந்தது. கல்லைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

ஆறில் இரண்டு சாக்குக்குள்ளேயே உதிர்ந்துவிட்டன. மீதி நாலை அழுத்தும் இயந்திரத்தில் வைத்தேன். முள் அசைந்ததா என்று நான் குனிந்து பார்ப்பதற்குள் நாலும் பொடி. இந்தக் கல்லில் சுவர் எழுப்பினால் பூனை ஏறினாலே விழும்.

காரணம் சொல்கிறேன். புதிதாக அறுத்த மரத்தின் தூளில் சாறும் சர்க்கரைச் சத்தும் இருக்கும். அது சிமென்டை இறுக விடாது. தூளைச் சுண்ணாம்புத் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து, அலசி, பிழிந்து, ஈரம் மட்டும் இருக்கும்படி ஆறவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். மணலில் பாதியை எடுப்பது பேராசை. நாலு சட்டி மணலில் ஒரு சட்டியை எடுத்துவிட்டு, அந்த ஒரு சட்டி அளவுக்கு மட்டும் தூள் போடுங்கள். மருந்து அடித்த மரத்தின் தூள் ஒரு பிடிகூடக் கலக்கக் கூடாது. கல் அடித்து இருபத்தெட்டு நாள் தண்ணீர் காட்டிய பிறகு அனுப்புங்கள்.

மேலே எடுக்கும் அறை யாருக்கு என்று நீங்கள் எழுதவில்லை. முழங்கால் வலிக்கிற அம்மாவைப் படியேற்றி அங்கே ஒதுக்கிவிடும் யோசனை ஏதாவது இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். ஏன் இப்படிச் சந்தேகப்படுகிறாய் என்று கேட்பீர்கள். என் வேலை உத்தரவு தபாலில் வந்து, அந்த வீட்டில் ஒன்பது நாள் கிடந்து, பத்தாவது நாள்தான் என் கைக்கு வந்தது. இன்னும் ஒரு நாள் தாண்டியிருந்தால் இந்த வேலையே இல்லை. அப்போது வீட்டில் தபால் வாங்கிக்கொண்டிருந்தது நீங்கள் மட்டும்தான். மறக்கவேண்டும் என்று நானும் நினைக்கிறேன், முடியவில்லை.

அம்மாவுக்கு என் அன்பு.

உங்கள் நாத்தனார்


மார்ச் 2

நாத்தனாருக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கோபத்தில் பாதி புரியவில்லை.

அத்தையைப் படியேற்றி ஒதுக்குவேனா? நல்லா இருக்கிறது நியாயம். அந்த அறை உன் அண்ணனுக்கு. பகல் முழுக்க மில்லில் ரம்பம் ஓட்டுவது போதாதென்று, படுத்தால் மூக்கிலும் ஓட்டுகிறார். அத்தையின் அறைக்கும் எங்கள் அறைக்கும் நடுவே ஒரு சுவர்தான். உன் அம்மா தூங்கி ஒரு வருஷம் ஆகிறது. மரத்தூள் கலந்த சுவர் சத்தத்தைக் கொஞ்சம் அமுக்கும் என்று நீதான் எப்போதோ சாப்பாட்டு மேஜையில் சொன்னாய். நீ சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. சொன்ன உனக்குத்தான் இல்லை. நம்பாவிட்டால் உன் அம்மாவிடமே கேள்.

தபாலைப் பற்றி எனக்கு இப்போது சொல்ல ஒன்றும் இல்லை.

நீ சொன்னபடியே செய்தேன். சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்து அலசி அலசி என் விரல் தோல் உரிந்துவிட்டது. மருந்து மரத்தை அறுக்கும் நாளில் தூளைத் தனியாக அள்ளச் சொல்லிவிட்டேன். நாலில் ஒரு சட்டிதான். அச்சிலிருந்து வரிசையாக எடுக்காமல், கண்ணை மூடிக்கொண்டு அங்கே ஒன்று இங்கே ஒன்றாக ஆறு கல் தொட்டு எடுத்தேன். ஒவ்வொன்றின் அடியிலும் ஆணியால் மூன்று கீறல் போட்டிருக்கிறேன். அது என் அடையாளம். வேறு எவருடைய கல்லையோ உடைத்துவிட்டு என்னுடையது பொடிந்தது என்று நீ எழுதிவிடக் கூடாது பார்.

கோபித்துக்கொள்ளாதே. உனக்கு என்மேல் சந்தேகம் இருந்தால் எனக்கும் உன்மேல் இருக்கக் கூடாதா? போன தடவை நிஜமாகவே இயந்திரத்தில் வைத்தாயா, அல்லது அண்ணி கல்தானே என்று காலால் உதைத்துப் பார்த்தாயா என்று எனக்கு எப்படித் தெரியும்?

உன்னை உன் அண்ணன் "தராசு" என்றுதான் இன்னமும் சொல்கிறார். சின்ன வயதில் மிட்டாயைக்கூட இரண்டு கையிலும் வைத்து எடை பார்த்துத்தான் எடுப்பாயாம். அந்தத் தராசு நேராக நிற்கிறதா என்று பார்க்கிறேன்.

உன் அண்ணி


மார்ச் 14

அண்ணி அவர்களுக்கு,

காலால் உதைக்கும் வழக்கம் எங்கள் கூடத்தில் இல்லை. ஆறு கல்லையும் நானே தூக்கி வைத்து நானே உடைத்தேன்.

கற்கள் தேறிவிட்டன. தடுப்புச் சுவருக்கு வேண்டிய பலம் நூறு என்று வைத்துக்கொண்டால், இவை நூற்றைம்பதுக்குப் பக்கத்தில் தாங்கியிருக்கின்றன. எல்லாவற்றின் அடியிலும் மூன்று கீறல் இருந்தது. முனைகள் கத்தி போல இருந்தன. மரத்தூள் கல் இவ்வளவு அழகாக வந்து நான் பார்த்ததில்லை.

பேப்பர் இத்துடன் இருக்கிறது. எல்லாக் கட்டங்களையும் நிரப்பிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கொத்தனாரிடம் முழுசாகப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு கேள்வி. இந்த ஆறும் நீங்கள் சொன்ன அதே கலவையில் அடித்தவைதானே? ஆமாம் என்று எழுதினால் போதும்.

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 3

நாத்தனாருக்கு,

ஆமாம். அதே கலவைதான். வேண்டுமானால் சத்தியம் செய்து அதையும் சாக்கில் கட்டி அனுப்புகிறேன்.

பேப்பருக்கு நன்றி. கொத்தனார் அதைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார், "கையெழுத்து நல்லா இருக்கு" என்றார். மறுநாளே வேலை தொடங்கிவிட்டது. சுவர் ஐந்து வரிசை ஏறியிருக்கிறது. முதல் மூன்று வரிசைக்கு உன் அண்ணனே களத்தில் நின்று கல் எடுத்துக் கொடுத்தார். அவருடைய குறட்டை அறை அல்லவா, அக்கறை இருக்காதா. அத்தைதான் தலையணையில் சுண்ணாம்பாக உதிர்கிறது என்று தினமும் ஒரு புகார். மேலே வேலை நடக்கும்போது கீழே தூசி விழத்தான் செய்யும் என்று சமாதானம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். நீ மறைக்காமல் பதில் எழுத வேண்டும்.

நீ உடைத்த ஆறு கல்லுக்குள்ளும் என்ன இருந்தது?

முதல் தடவை எல்லாம் பொடி என்றாய். இரண்டாம் தடவை எல்லாம் பிரமாதம் என்கிறாய். ஒரே அண்ணி, ஒரே மிக்சர். முதல் தடவை வேண்டுமென்றே தோற்கடித்தாயோ, இரண்டாம் தடவை தொல்லை விட்டால் போதும் என்று உடைக்காமலேயே கையெழுத்துப் போட்டாயோ என்று என் மனசு அரித்துக்கொண்டே இருக்கிறது. உடைத்திருந்தால் உனக்குத் தெரியும். உடைக்காவிட்டால் தெரியாது. அவ்வளவுதான்.

உன் அண்ணி


ஏப்ரல் 6

அண்ணி,

உங்கள் கடிதம் இன்று காலை வந்தது. இதை எழுதுவதற்கு முன்பே, நீங்கள் வேண்டாம் என்று சொன்ன போனை எடுத்து அண்ணனிடம் பேசிவிட்டேன். அம்மாவை உடனே அந்த அறையிலிருந்து வெளியே கொண்டுவரச் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. "சரி, சரி" என்று மட்டும் சொன்னார். தலையணையில் விழுவது மேலே இருந்து வருகிற தூசி இல்லை. தளத்தின் பூச்சு விடுகிறது. தளத்துக்குப் பாரம் தாங்கவில்லை. சுவரில் இன்னொரு கல் வைக்கக் கூடாது.

உங்கள் கேள்விக்குப் பதில்: உள்ளே ஒன்றும் இல்லை. மணல், சிமென்ட், சின்ன ஜல்லி, தேடினால் அகப்படும் அளவுக்குக் கொஞ்சம் மரத்தூள். உடைத்த துண்டுகளை நான் எறியவில்லை. இன்று எல்லாவற்றையும் சுத்தியால் இன்னும் சின்னதாக உடைத்து, சல்லடையில் சலித்தும் பார்த்துவிட்டேன். நீங்கள் எதை வைத்தீர்களோ அது இந்தக் கற்களில் இல்லை.

நீங்கள் சொன்ன கலவையில் அடித்தால் ஒரு கல் பதினாலு கிலோவை ஒட்டி இருக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய ஆறும் பதினேழுக்குக் குறையவில்லை. மரத்தூளைப் பேருக்குத் தூவி, மணல் கல்லை அனுப்பி, லேசான கல் என்று என்னிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறீர்கள். அதே கல்லை என் அம்மாவின் தலைக்கு மேலே ஐந்து வரிசை அடுக்கியும் இருக்கிறீர்கள்.

கல்லுக்குள் எதையோ ஒளித்துவைத்து என்னைச் சோதித்தீர்கள் அல்லவா? அதை வைத்த கல்லை ஏன் அனுப்பவில்லை?

நாத்தனார்


ஏப்ரல் 12

நாத்தனாருக்கு,

அத்தை எங்கள் அறையில் இருக்கிறார். உன் போன் வந்த அன்றே கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம். மறுநாள் அவருடைய அறையின் மச்சிலிருந்து தட்டு அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து, கட்டில் கிடந்த இடத்தில் விழுந்தது. கம்பி தெரிகிறது. சுவரை அன்றைக்கே இறக்க ஆரம்பித்தோம். இந்தக் கடிதத்தை நிதானமாகப் படி.

நான் கல்லுக்குள் வைத்தது பொத்தான். நீ இந்த வீட்டை விட்டுப் போனபோது கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த உன் சாம்பல் நிறக் கோட்டை எடுத்துப் போகவில்லை. அதில் ஆறு நீலப் பொத்தான். ஆறையும் வெட்டி, கல்லுக்கு ஒன்றாகக் கலவை ஈரமாக இருக்கும்போதே உள்ளே அமுக்கினேன். உன் பொத்தானைப் பார்த்ததும் உனக்குத் தெரியாமலா போகும், உடனே எழுதுவாய் என்று கணக்குப் போட்டேன்.

நீ ஒன்றும் இல்லை என்று எழுதியதும் இரண்டில் ஒன்றுதான் என்று நினைத்தேன். நீ பொய் சொல்கிறாய், அல்லது கல் வழியில் மாறியிருக்கிறது. வழியில் கைவைத்தவர் ஒரே ஆள், சாக்கில் சுற்றி லாரியில் ஏற்றிய உன் அண்ணன். போய் நின்றேன். அப்படியே எழுதுகிறேன்.

"நான் கோடு போட்டு வச்ச கல்ல எல்லாம் மாத்தினது யாரு?"

"மாத்தினேன்னு சொல்லாத. பொறுக்கினேன்."

"எதுக்குப் பொறுக்கணும்?"

"நீ எடுத்து வச்சதுல ஒண்ணுக்காவது மூஞ்சி இருந்துச்சா? முனையெல்லாம் நார் நாரா நின்னுச்சு. அதப் போயி என் தங்கச்சிக்கு அனுப்புவாங்களா? போன தடவ பொடிஞ்சுபோச்சுன்னு நீ ரெண்டு நாள் சாப்பிடல. மில்லுல ஒரு லோடு பலகை போனா நல்ல பலகைதானே மேல இருக்கணும். அதான் நல்லதாப் பாத்து ஆறு எடுத்து, நானே ஆணியால மூணு கோடு போட்டேன்."

"நான் எடுத்த ஆறையும் என்ன பண்ணுனீங்க?"

"வீணாக்குவேனா? அடுக்குலயே திருப்பி வச்சுட்டேன்."

பிறகு நானும் கொத்தனாரும் ஒரு நடை கலவை போட்டு, அடித்த கல்லை மில் தராசில் ஏற்றிப் பார்த்தோம். ஒரே கலவை, ஒரு கல் பன்னிரண்டு, ஒரு கல் பதினேழு. நான் தண்ணீரைத் தாராளமாக ஊற்றிவிட்டு, கடைசியில்தான் தூளைப் போடுவேன். தூள் மேலே மிதந்துவிடுகிறது, மணல் அடியில் தங்கிவிடுகிறது. அடியில் இருப்பது கல்லாகும்போது வழவழவென்று வருகிறது. மேலே இருப்பதுதான் நார் நாராக வருகிறது. மழமழவென்று இருந்ததையெல்லாம் உன் அண்ணன் கண்ணால் பொறுக்கி உனக்கு ஆறு அனுப்பினார், சுவரின் முதல் மூன்று வரிசைக்கும் அதையே பொறுக்கிக் கொடுத்தார். கனமான கல்லாகவே தேடித் தேடித் தன் அம்மாவின் தலைமேல் வைத்திருக்கிறார். அவருக்கு இது விளங்கியபோது மரத்தூள் குவியலில் உட்கார்ந்து அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, அவ்வளவு கோபம்.

மூஞ்சி சரியில்லாத கல் எல்லாம் மேல் வரிசைகளில் இருந்தன. இறக்கும்போது உடைந்தவற்றில் ஐந்து நீலப் பொத்தான் கிடைத்தது. ஆறாவது கல் மட்டும் உடையாமல் முழுசாக இறங்கியது. அடியில் என்னுடைய மூன்று கீறல் இருக்கிறது.

இன்னும் இரண்டு விஷயம் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, உன் தபால். அதை நான் ஒளிக்கவில்லை. தபால்காரரிடம் வாங்கி, வாங்கிய கையோடு உன் அண்ணனிடம்தான் கொடுத்தேன். தங்கை அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று அவர் அதை மில் அலமாரியில் ஒன்பது நாள் வைத்திருந்தார். என்னாலும் பொறுக்க முடியாமல் பத்தாவது நாள் நான்தான் எடுத்து வந்து உன் கையில் கொடுத்தேன். நீ என்னைப் பார்த்த பார்வையில் எல்லாம் முடிந்துவிட்டது. அண்ணன் தங்கைக்கு நடுவே எதற்கு என்று ஏழு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இனிமேல் உன் அண்ணன் செய்ததற்கு நான் சிலுவை சுமக்க மாட்டேன்.

இரண்டாவது. சுவரை இறக்கும்போது கொத்தனார் உன் பேப்பரை மறுபடி எடுத்துப் பார்த்தார். எடை என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் பதினேழு என்று நீயே எழுதியிருக்கிறாய். விரலை வைத்துக் காட்டிவிட்டு அவர் என்னைப் பார்த்தார். மார்ச் பதினாலாம் தேதியே உனக்குத் தெரியும். கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஏன்?

உன் அண்ணி


ஏப்ரல் 16

அண்ணி,

"ஏன்" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு நாளாகப் பதில் எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். எப்படி எழுதினாலும் ஒன்றுதான் வருகிறது, அதனால் அதையே எழுதுகிறேன்.

தராசில் முதல் கல்லை வைத்தபோதே தெரிந்துவிட்டது. ஆறையும் வைத்துப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கையும் களவுமாக அகப்பட்டாள் என்று நினைத்தேன். "இது கனம், ஏற்றாதீர்கள்" என்று எழுதியிருந்தால், ஏதோ தவறு நடந்துவிட்டது என்று தப்பித்துக்கொள்வீர்கள். அதனால் "அதே கலவைதானே?" என்று கேட்டு, ஆமாம் என்ற வார்த்தையை உங்கள் கையெழுத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளப் பார்த்தேன். அதை அண்ணனுக்கும் அம்மாவுக்கும் காட்டவேண்டும் என்று இருந்தது. எடையைக் கட்டத்தில் எழுதிவிட்டேன், மறைக்கவில்லை, பொறுப்பு கொத்தனாருடையது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பேப்பர் வந்ததும் கல் ஏறும் என்பது தெரியாத சின்னக் குழந்தையா நான்?

நான் உங்களைப் பிடிக்கக் காத்திருந்த அந்த இருபத்துமூன்று நாளும் அம்மா அந்தக் கட்டிலில்தான் படுத்திருந்தார். அண்ணன் தெரியாமல் செய்தார். தெரிந்து செய்தது நான் ஒருத்திதான்.

அந்தப் பேப்பரை நேற்று ரத்து செய்துவிட்டேன். என்ன நடந்தது என்று மேலதிகாரிக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் என்ன செய்வாரோ, அது அவர் பாடு.

அந்த ஒன்பது நாள் விஷயத்தில் உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்காமலும் இருக்க முடியவில்லை. மன்னித்துவிடுங்கள், அண்ணி.

ஆறாவது கல்லை எனக்கு அனுப்புவீர்களா? நியாயமாகப் பார்த்தால், நீங்கள் முதலில் அனுப்ப நினைத்த கல்லை நான் இன்னும் சோதிக்கவே இல்லை.

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 20

தராசுக்கு,

அனுப்ப மாட்டேன்.

உன் அண்ணன் கையில் கொடுத்தால் வழியில் அதற்கு முகம் கழுவிப் பொட்டு வைத்துவிடுவார். லாரிக்காரனையும் நான் நம்பவில்லை. உன்னையும் இப்போதைக்கு முழுசாக நம்பவில்லை, அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது. உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க உன்மேல் கோபமாகத்தான் இருந்தேன். அத்தை படுத்த இடத்தில் கிடந்த பூச்சை என் கையால் அள்ளிக் கொட்டினேன். அது என் கண்ணை விட்டுப் போக நாளாகும்.

ஆனாலும் கட்டத்தில் பதினேழு என்று எழுதினாய். பதினாலு என்று எழுதியிருந்தால் என்னால் ஒன்றுமே கண்டுபிடித்திருக்க முடியாது. அதையும் நினைத்துப் பார்த்தேன்.

கல் சமையலறை மூலையில், அரிசி டப்பாவுக்குக் கீழே இருக்கிறது. நான் சமைக்கும்போதெல்லாம் அது என் கண் எதிரிலேயே இருக்கிறது. யாரும் தொடவில்லை. நீயே வந்து எடுத்துக்கொண்டு போ. அத்தை உனக்காகத் தன் கட்டிலில் பாதி இடம் விட்டுத்தான் படுக்கிறார். உன் அண்ணன் களத்தில் தார்ப்பாய் கட்டித் தூங்குகிறார். பக்கத்து வீட்டுக்காரர்கள் இப்போது தூளைப் பற்றிப் பேசுவதில்லை, குறட்டையைப் பற்றித்தான் புகார்.

கோட்டும் இருக்கிறது. பொத்தான்தான் இல்லை.

அண்ணி


மே 5

அன்புள்ள அண்ணிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். கல்லை வழி முழுக்க மடியிலேயே வைத்திருந்தேன். கண்டக்டர், "என்னம்மா இது, கீழ வைங்க" என்றார். முடியாது என்றேன். இறங்கும்வரை என்னையும் சாக்கையும் சந்தேகமாகவே பார்த்துக்கொண்டிருந்தார். தொடை மரத்துப்போய், இறங்கி நடக்கக் கால் வரவில்லை.

தளத்துக்கு முட்டுக் கொடுத்ததை நான் பார்த்தது போதாது. அங்கே வந்தபோது நான் சொன்ன இன்ஜினியர் வந்து பார்க்கும்வரை அம்மா உங்கள் அறையிலேயே இருக்கட்டும். அடுத்த கலவைக்கு மணலையும் தூளையும் தண்ணீர் விடாமல் முதலில் புரட்டி, பிறகு சிமென்ட், கடைசியில் தண்ணீர். தண்ணீரை ஊற்றாதீர்கள், தெளியுங்கள்.

முடிவு இன்று வந்தது.

அடையாளம்: அடியில் மூன்று கீறல், நடுவில் உள்ளது கொஞ்சம் கோணல்.
முகம்: நார் நாராக.
எடை: பதிமூன்று கிலோ தொள்ளாயிரம்.
பலம்: நூறு வேண்டிய இடத்தில் நூற்றுமூன்று.

நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு தொட்டு எடுத்த கல், அண்ணி. முதலிலேயே வந்திருந்தால் முதலிலேயே தேறியிருக்கும்.

இதற்காகப் பேப்பர் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். ஒரு கல்லை வைத்து யாருக்கும் நான் கையெழுத்துப் போடுவதில்லை. புதிதாக அடித்து இருபத்தெட்டு நாள் முடிந்ததும் எழுதுங்கள். நான் வந்து, களத்தில் நீங்கள் பக்கத்தில் நிற்க, ஆறு கல்லை என் கையால் எடுக்கிறேன். அண்ணனை அன்றைக்கு வெளியூருக்கு அனுப்பிவிடுங்கள்.

கல்லுக்குள்ளே: நீலப் பொத்தான் ஒன்று, உடையாமல். அதைத் திருப்பி அனுப்பவில்லை, அங்கிருந்து எடுத்து வந்த கோட்டில் தைத்துக்கொண்டேன். மீதி ஐந்தும் உங்களிடமே இருக்கட்டும். வரும்போது எண்ணிப் பார்ப்பேன்.

தராசு